வலியை ஒத்திப்போடும் சுரப்பு: எண்டார்ஃபின் செய்வதும் செய்யாததும்

கேள்வி இது: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீ மிதிப்பவர்களுக்கும் அலகு குத்திக்கொள்பவர்களுக்கும் வலி தெரியாமல் போவது மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபினால்தானா? காரம் தின்றாலும் ஓடினாலும் அதே சுரக்கும் என்கிறார்களே, உண்மையா? டோபமின், செரட்டோனின் எல்லாம் எதற்கு? தீராத முதுகுவலிக்காரருக்கு இவற்றால் என்ன பயன்?

தீமிதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கால் வேகாமல் தப்புவது ஒன்று, வலி உறைக்காமல் இருப்பது இன்னொன்று. முதலாவதற்கும் எண்டார்ஃபினுக்கும் தொடர்பே இல்லை. மூளை எதைச் சுரந்தாலும் தோல் வேகவேண்டிய சூட்டில் வெந்தே தீரும். காலைக் காப்பாற்றுவது கரி. மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே படிந்த சாம்பல் அதை இன்னும் தாமதப்படுத்தும், ஒவ்வோர் அடியும் நெருப்பின் மேல் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. அதே சூட்டில் இரும்புத் தகட்டை விரித்திருந்தால் முதல் அடியிலேயே தோல் வழண்டுவிடும். காயம் படுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுந்தவர்கள், நடுவில் தயங்கி நின்றவர்கள், ஓடப்போய்க் கால் கங்குக்குள் புதைந்தவர்கள், விரலிடுக்கில் கங்கு ஒட்டிக்கொண்டவர்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்ட வேண்டும். பற்பசை, மை, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது.

வலி உறைக்காமல் போவதில்தான் மூளைக்கு வேலை. அதைப் புரிந்துகொள்ள வலி வருகிற வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெறுங்காலில் நெருஞ்சி முள்ளை மிதித்தால் முதலில் ‘சுருக்’ என்கிறது. ஒரு நொடி கழித்து ‘விண் விண்’ என்று இன்னொரு வலி கிளம்புகிறது. ஒரே முள், இரண்டு வலி. சுருக்கென்பதைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்புபவை. விண்விண் வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து போகின்றன. காலிலிருந்து தண்டுவடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம், அதனால்தான் அந்த ஒரு நொடி இடைவெளி. எண்டார்ஃபின் வகையறாவும், அபினியிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்ஃபினும் அழுத்திப்பிடிப்பது முக்கியமாக இந்த இரண்டாவது வலியை. ‘வலி தெரியுது, ஆனா தொந்தரவா இல்ல’ என்று மார்ஃபின் ஊசி போட்ட நோயாளி சொல்வது இதனால்தான்.

இரண்டு இழைகளும் தண்டுவடத்தின் பின்பக்கம் வந்து அடுத்த நரம்பிடம் செய்தியை ஒப்படைக்கின்றன. அந்த இடத்தில் ஒரு கதவு இருப்பதாக ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் எழுதினார்கள். அவர்கள் வரைந்த படத்தில் பிறகு பல திருத்தங்கள் வந்தன, ஆனாலும் கதவு என்ற கருத்து நிலைத்துவிட்டது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்க்கிறோமே, தொடு உணர்வைக் கொண்டுவரும் தடித்த இழைகள் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துகின்றன. மூளையிலிருந்தும் ஒரு கட்டளை இறங்கி வருகிறது. நடுமூளையில் ஒரு சிறு சாம்பல்நிறப் பகுதி இருக்கிறது. 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ் எலியின் மூளையில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றில் அறுவை செய்து காட்டினார். அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் மூளைத்தண்டு வழியாக இறங்கி, செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற செய்திப் பொருள்களைத் தண்டுவடத்தில் விடுகின்றன. அங்கே இருக்கும் சிறு நரம்புகள் என்கெஃபலின் என்ற பொருளை வெளியிடுகின்றன. என்கெஃபலின் வந்து உட்கார்ந்ததும், வலி கொண்டுவந்த இழையின் முனையில் கால்சியம் நுழையும் வாயில் மூடிக்கொள்கிறது. கால்சியம் இல்லாமல் அந்த இழையால் தன் செய்தியை எதிர்ப்பக்கம் கொட்ட முடியாது. காயம் அப்படியே இருக்கிறது, செய்தி மட்டும் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

என்கெஃபலினும் எண்டார்ஃபினும் ஒரே குடும்பம். கசகசாச் செடியின் பாலான அபினிக்கு மனித மூளையில் எதற்காக ஒரு பூட்டு, அதாவது அது வந்து பொருந்தும் இடம், இருக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்துதான் இவை அகப்பட்டன. 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அந்தப் பூட்டைக் காட்டினார்கள். பூட்டு இருந்தால் உடலே செய்யும் சாவியும் இருக்கும். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தார்கள், ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். அடுத்த ஆண்டே சோ ஹாவ் லீ ஒட்டகத்தின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த பீட்டா எண்டார்ஃபினை அறிவித்தார், அதில் 31 அமினோ அமிலங்கள். ‘உள்ளே ஊறும் மார்ஃபின்’ என்பதன் சுருக்கம்தான் எண்டார்ஃபின் என்ற பெயர்.

இந்தப் பீட்டா எண்டார்ஃபின் எங்கிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது என்பதைக் கவனித்தால் அதன் குணம் புரியும். பிட்யூட்டரியில் ஒரு நீண்ட புரதம் தயாராகிறது. அது துண்டாகும்போது ஒரு துண்டு எண்டார்ஃபின். இன்னொரு துண்டு, அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்பிக் கார்ட்டிசால் சுரக்கவைக்கும் ஆபத்துக்கால ஹார்மோன். இரண்டும் ஒரே நூலிலிருந்து ஒரே நேரத்தில் அறுந்து வருகின்றன. ஆகவே இதை ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று அழைப்பது பொருந்தவில்லை. நெருக்கடியில் வலியை ஒத்திப்போட்டு, கையில் இருக்கும் காரியத்தை முடிக்கவிடுவதே இதன் முதல் வேலை.

தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலை இழுக்கும்போது கை கிழிந்தது கரைக்கு வந்தபின்தான் தெரியும். ஆனால் ஒத்திப்போட்ட வலி, காரியம் முடிந்ததும் வந்து சேரும். திருக்கை முள் குத்தினால் மட்டும் இந்தத் தள்ளிவைப்பு பெரும்பாலும் பலிக்காது, விஷம் அந்த இடத்திலேயே நரம்பைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதற்குக் கைகண்ட முதலுதவி, பொறுக்கக்கூடிய சுடுதண்ணீர். சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் வரை குத்துப்பட்ட இடத்தை முக்கி வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால்தான் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் கொப்புளம் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. முள் ஆழமாக நின்றுவிட்டாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ பிடுங்கக் கூடாது, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது அலகு குத்துபவருக்கு வருவோம். நாள்கணக்கில் காப்புக்கட்டி விரதம், பம்பையும் உடுக்கையும் ஏற்றும் தாளம், சுற்றிலும் தெரிந்த முகங்கள், வேண்டுதல் நிறைவேறப்போகிறது என்ற உறுதி. கவனம், எதிர்பார்ப்பு, நெருக்கடி மூன்றும் நடுமூளையின் அந்தப் பகுதிக்குக் கட்டளை அனுப்பக்கூடியவை. மோரீஷஸ் தமிழர்கள் தைப்பூசக் காவடி எடுப்பதை டிமிட்ரிஸ் ஸிகலாட்டாஸ் குழுவினர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோன கைவினைஞர்களின் வழியினரும் அந்தச் சமூகத்தில் உண்டு. கூடுதலாக அலகு குத்தியவர்கள், சில நாள் கழித்துத் தங்கள் மனநலம் கூடுதலாக மேம்பட்டதாகச் சொன்னார்கள். உடலுக்கு நீடித்த கெடுதல் எதுவும் அவர்களின் அளவீட்டில் தென்படவில்லை. இதில் எண்டார்ஃபினின் பங்கு இவ்வளவு என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது. ரத்தத்தில் இருக்கும் பீட்டா எண்டார்ஃபின், மூளையைச் சுற்றியுள்ள காப்பு வேலியைத் தாண்டி எளிதில் உள்ளே போகாது. ரத்தப் பரிசோதனையில் ‘எண்டார்ஃபின் கூடியிருக்கிறது’ என்று வந்தால், மூளையிலும் கூடியிருக்கிறது என்று பொருளாகாது. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் பல விளம்பரங்களை நம்பாமல் இருக்கலாம்.

எதிர்பார்ப்பின் வலிமைக்குத் தெளிவான சோதனை 1978இல் நடந்தது. கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் மூவரும் மருந்தில்லாத ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கு நலாக்ஸோன் கொடுத்ததும் குறைந்த வலி திரும்ப ஏறியது. அபினிப் பூட்டை அடைத்துவிடும் மருந்து நலாக்ஸோன். அப்படியென்றால் நம்பிக்கை மூளையில் ஒரு மருந்தைச் சுரக்கச் செய்திருக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. ‘ரொம்ப வலிக்கும், பல்லைக் கடிச்சுக்கோங்க’ என்று ஊசிக்கு முன் சொன்னால் வலி உண்மையாகவே கூடுகிறது, அதைச் செய்வது கோலிசிஸ்டோகைனின் என்ற பொருள். எனவே செவிலியர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒன்று: பயமுறுத்தாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். ‘வலிக்கவே வலிக்காது’ என்று ஏமாந்த குழந்தை அடுத்த தடவை எதையும் நம்பாது. ‘கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், பத்து எண்றதுக்குள்ள போயிடும்’ போதும். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டே இருந்தால் அழுகை குறையும். தாயின் சூடு, இனிப்பு, உறிஞ்சுதல் எல்லாம் சேர்ந்து உதவுகின்றன. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது. ஊசிக்கு முன்பே பால் குடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

காரத்துக்கு வருகிறேன். காரம் ஒரு சுவை இல்லை, வலிதான். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு வாயில் நம் நரம்பு முனைகளில் இருக்கிறது. மிளகாயின் காப்சைசின் அதே வாயிலைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. 1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு, தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனுடன் சேர்த்து 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘வாய் எரியுது’ என்று நாம் சொல்வது அப்படியே உடலியல் உண்மை. தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காது, காப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலும் தயிரும் அடக்கும், அவற்றின் கேசின் புரதம் காப்சைசினைப் பற்றி இழுத்துக்கொள்ளும். மீன் குழம்புக்குப் பின் தயிர்ச்சோறு என்ற வரிசை நாக்குக்கு நல்ல மருத்துவம். காரத்தின் பின்னால் வரும் இதத்தில் எண்டார்ஃபினுக்குப் பங்கிருக்கலாம், ஆனால் பச்சைமிளகாயை வலிநிவாரணியாகத் தின்பது வயிற்றைத்தான் கெடுக்கும். அதே காப்சைசின் களிம்பாக மூட்டில் தேய்க்கும்போது பயன் தருகிறது. நாளுக்கு 3, 4 தடவை, இரண்டு வாரமாவது விடாமல் தேய்த்தால்தான் நரம்பு முனை மரத்துவரும். ‘ஒரு நாள் தேய்த்தேன், எரிந்தது, விட்டுவிட்டேன்’ என்பதே பெரும்பாலும் கேட்கும் புகார். தேய்த்த கையைச் சோப்பால் கழுவாமல் கண்ணைத் தொட வேண்டாம்.

ஓட்டத்தில் வரும் கிறக்கத்துக்கும் நீண்டகாலம் எண்டார்ஃபினையே காரணமாகச் சொன்னார்கள். அபினிப் பூட்டை மருந்தால் அடைத்துவிட்டு மனிதர்களை ஓடவைத்துப் பார்த்தபோதும் கிறக்கம் வந்தது. ரத்தத்தில் ஏறியிருந்தது வேறொன்று: அனந்தமைட். 1992இல் ஜெருசலேமில் ரஃபேல் மெகூலமின் குழு கண்டுபிடித்த பொருள் அது. கஞ்சாவின் பூட்டில் பொருந்தும் உடலின் சொந்தச் சாவி. அதற்குப் பெயர் வைக்கும்போது ‘ஆனந்தம்’ என்ற நம் ஊர்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அது கொழுப்பில் கரைவதால் மூளையின் வேலியை எளிதில் தாண்டும், எண்டார்ஃபினால் முடியாதது அதனால் முடிகிறது.

டோபமின் என்ற மூளைச் செய்திப் பொருள்தான் இன்பம் தருகிறது என்ற தவறான எண்ணம் இன்னும் ஆழமானது. 1954இல் ஓல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளையில் ஒரு கம்பியைப் பொருத்தி, விசையை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்கும்படி வைத்தார்கள். எலி விடாமல் அழுத்தியது. இன்பத்தின் ஊற்று அகப்பட்டுவிட்டதாகவே பலர் நினைத்தார்கள். பிறகு கென்ட் பெரிட்ஜ், டோபமின் ஏறக்குறைய அழிக்கப்பட்ட எலிகளின் வாயில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டவிட்டார். அவை ருசித்து உதட்டை நக்கின. ஆனால் எதிரில் உணவு இருந்தும் தேடிப் போகவில்லை, ஊட்டாவிட்டால் பட்டினியாகவே கிடந்தன. ருசி இருக்கிறது, நாட்டம் இல்லை. அடுத்த வீட்டில் வஞ்சிரம் வறுக்கும் வாசனை வந்ததும் கால் அடுப்படிப் பக்கம் போகிறதே, அது டோபமின். முதல் துண்டு வாயில் கரையும்போது வரும் நிறைவு அபினி வகைப் பொருள்களும் அனந்தமைடும் தருவது. கைபேசியை இன்பமே இல்லாமல் தள்ளிக்கொண்டே இருப்பது நாட்டம் மட்டும் ஓடி, நிறைவு வந்து சேராத நிலை.

எண்டார்ஃபின் குடும்பத்திலேயே டைனார்ஃபின் என்று ஒன்று உண்டு. அது வேறொரு பூட்டில் உட்கார்ந்து மனத்தைக் கசக்கச் செய்கிறது. ‘எண்டார்ஃபினைக் கூட்டு, சந்தோஷம் கூடும்’ என்ற கணக்கு இதனாலும் பொய்த்துப்போகிறது. செரட்டோனினில் ஏறக்குறைய 90 விழுக்காடு குடலில் இருக்கிறது. தண்டுவடத்தில் அது சில பூட்டுகளில் வலியைக் குறைக்கும், சிலவற்றில் கூட்டவும் செய்யும்.

தீராத முதுகுவலிக்கு இவற்றிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்? முதலில் தூக்கம். ஒரே ஓர் இரவு தூக்கம் கெட்டாலும் மறுநாள் வலி கூடுதலாக உறைப்பது சோதனைகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அடுத்தது நடை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம்தான் அளவு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டி விடாத நேரத்தில் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டி 30 நிமிடத்துக்கு வாருங்கள். நல்ல நாளில் ஒரு மணி நேரம் நடந்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. அப்படிச் செய்தால் நரம்பு மண்டலம் அசைவையே ஆபத்தாகப் பழகிக்கொள்ளும். வலியில்லாத நாளிலும் அதே அளவு, கொஞ்சம் வலிக்கும் நாளிலும் அதே அளவு. மூன்றாவதாக, பிசியோதெரபியில் வைக்கும் மின்தூண்டல் கருவி. நொடிக்கு 80 முதல் 100 துடிப்பு வைத்தால் தண்டுவடக் கதவு சாத்தும், கருவியை எடுத்ததும் பலன் சீக்கிரம் போய்விடும். 2 முதல் 4 துடிப்பு வைத்தால் உடலின் அபினிப் பொருள்கள் சுரக்கும், பலன் தொடங்க 20, 30 நிமிடம் ஆகும், கொஞ்ச நேரம் நிற்கும். டிரமடால் போன்ற அபினி வகை மாத்திரை நீண்டநாள் எடுப்பவருக்கு இரண்டாவது முறை குறைவாகவே வேலைசெய்யும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கருவியைத் தொடவே கூடாது.

கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் எண்டார்ஃபின் பக்கமே போவதில்லை. காயம் பட்ட இடத்தில் வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை அவை தடுக்கின்றன. நாள்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகமும் இரைப்பையும் விலை கொடுக்கும். பாராசிட்டமால், வயது வந்தவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது: 650 மி.கி. மாத்திரை என்றால் ஆறு. குடிப்பழக்கம் உள்ளவருக்கும் கல்லீரல் நோய் உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. எரிச்சல், குடைச்சல், மதமதப்பு என்று நோயாளி சொன்னால் அது பெரும்பாலும் நரம்பு வலி, இந்த மாத்திரைகள் அதற்கு எடுபடா. அங்கேதான் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துகளான அமிட்ரிப்டிலின், டியூலாக்ஸெடின் வருகின்றன. மேலிருந்து இறங்கும் நார்அட்ரினலின் கட்டளையை அவை வலுப்படுத்தும். அமிட்ரிப்டிலினை இரவில் 10 மி.கி. என்று தொடங்குவார்கள், வாய் வறளும், காலையில் அசதி இருக்கும், பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். ‘எனக்குப் பைத்தியத்துக்கான மாத்திரை எழுதிவிட்டார்’ என்று மூன்றாம் நாளே குப்பையில் போடுகிறவர்கள் நிறையப் பேர், அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவு அது. கண்ணழுத்த நோயோ, சிறுநீர் அடைப்போ இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெளியிலிருந்து அபினி வகை மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் பூட்டுகள் மந்தமாகிவிடுகின்றன. அதே அளவு போதாமல் போகும். நிறுத்தினால் வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூங்கவிடாத உடல் முறுக்கல், முன்பைவிடக் கூடிய வலி. முதுகுவலிக்கு டிரமடாலை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்குவது இந்தப் பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும். மனச்சோர்வு மாத்திரைகளுடன் சேர்ந்தால் வலிப்பும் வரலாம். புற்றுநோய் வலி வேறு கணக்கு. அங்கே வாய்வழி மார்ஃபினை 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, மலமிளக்கியுடன் சேர்த்து, மருத்துவர் மேற்பார்வையில் கொடுப்பதைக் கண்டு குடும்பத்தார் பயப்பட வேண்டியதே இல்லை. பழக்கமாகிவிடும் என்று அஞ்சி, வலியில் துடிப்பவருக்கு மருந்தை மறுப்பது கொடுமை.

மதுவும் மூளையில் எண்டார்ஃபினை வெளிவிடச் செய்கிறது. உடம்பு வலிக்காகக் குடிக்கிறேன் என்பவர் பொய் சொல்லவில்லை, இரண்டு மூன்று மணி நேரம் வலி குறையத்தான் செய்யும். ஆனால் தூக்கத்தின் பின்பாதி கெட்டு, மறுநாள் வலி ஏறி, மறுபடி குடிக்கத் தோன்றும். மது விலை குறைந்த புதுச்சேரியில் இந்தச் சுழல் எத்தனையோ உழைப்பாளிகளைப் பிடித்திருக்கிறது. அபினிப் பூட்டை அடைக்கும் நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. மாத்திரையை நாளுக்கு ஒன்று கொடுத்தால் குடியின் கிறக்கம் மங்கி, நாட்டம் குறைகிறது. கல்லீரல் பரிசோதனை செய்த பிறகே தொடங்குவார்கள். டிரமடால் எடுப்பவர் 7 முதல் 10 நாள் முன்பே அதை விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மாத்திரை போட்ட உடனே நடுக்கமும் வாந்தியும் கிளம்பும். பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமனாஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

திரும்பவும் தீமிதிக்கு வருகிறேன். பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருப்பவர் ‘எனக்குச் சுடவே இல்லை’ என்றால் அது எண்டார்ஃபினாக இருக்க வேண்டியதில்லை, பாதத்தின் நரம்பு செத்திருக்கலாம். காப்புக்கட்டுவதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் சில இடங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. தொட்டது தெரியாவிட்டால் நெருப்பில் இறங்க வேண்டாம், பால்குடம் எடுத்து வேண்டுதலை நிறைவேற்றலாம். இறங்கியே தீருவேன் என்பவர் அன்று இரவும் அடுத்த மூன்று நாளும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. கொப்புளம் ஒன்று தெரிந்தாலும், அது வலிக்காவிட்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.